ரம்மி சூதா? ஒரு பழைய வழக்கின் கதை



பொங்கல் விடுமுறையில் மொட்டை மாடியில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தோம். துணி எடுக்க வந்த மூன்றாவது மாடி அக்கா, "காசு வைக்கலைன்னாலும் இது சூதுதானே?" என்று கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னோம். ஆனால் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

1963 மே மாதம் செகந்திராபாத்தில் கிரசென்ட் ரிக்ரியேஷன் கிளப்பில் போலீஸ் சோதனை நடந்தது. பணம் வைத்து ரம்மி ஆடியவர்கள் பிடிபட்டார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது, ஆந்திர அரசு டெல்லிக்குப் போனது. 1967 நவம்பரில் நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு இதுதான்: மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம், ரம்மி அப்படியல்ல. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும். ஆட்டப் பணத்தில் கிளப்பே லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நன்றாக ஆட விரும்புகிறவருக்கு அந்தத் தீர்ப்பே பாதிப் பாடம். எதிராளி ஹார்ட்டின் எட்டைக் கழித்தால், உங்கள் ஹார்ட்டின் ஒன்பதைப் போடுவதில் ஆபத்து குறைவு. மீதிப் பாடம் டிராப். 101 ஆட்டத்தில் முதலிலேயே விட்டால் 20, நடுவில் விட்டால் 40, மாட்டினால் 80 வரை. மோசமான கையோடு கடைசி வரை உட்காருகிறவர் யார் என்று நம் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். (நான்தான்.)

போக்கரிலும் இதே கதைதான். நல்ல சீட்டு வந்தால் மட்டும் பணம் கட்டுகிறவரை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் இடையிடையே பொய்யாகவும் கட்ட வேண்டும். இதைக் கணக்காகவே போட்டுக் காட்டியவர் வான் நாய்மன், மோர்கன்ஸ்டெர்னோடு 1944-இல் எழுதிய நூலில். 2017-இல் லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க அவர்கள் ஆடியது 1,20,000 கை! ஒரு ராத்திரி ஜெயித்ததை வைத்துத் தன்னைக் கெட்டிக்காரன் என்று நம்பியவர்கள்தான் ஆன்லைனில் அதிகம் இழந்தார்கள் என்பது என் எண்ணம்.

ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து பலர் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு தமிழ்நாடு தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022-இல் புதிய சட்டம் வந்தது. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கியது. அந்தச் சட்டம் திருக்கனூரைக் கட்டுப்படுத்தாது. நாலு பக்கமும் விழுப்புரம் மாவட்டம் இருந்தாலும் நாம் புதுச்சேரி.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாடு முழுமைக்குமானது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்கிறது. 1967-இல் பிரித்த கோட்டை இணையத்தில் அழித்துவிட்டார்கள்.

மொட்டை மாடியில் புளியங்கொட்டைதான் பணம். அக்கா இப்போது ஞாயிறு ஆட்டத்துக்கு வருகிறார், என்னைவிட நன்றாக டிராப் செய்கிறார்.