மேயர் என்னும் பெரியவர்

மேயர், மேஜர் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் 'மாயோர்' என்றால் பெரியவர், மூத்தவர். பட்டாளத்து மேஜரும், பதினெட்டு நிரம்பியவரைக் கோர்ட்டில் 'மேஜர்' என்பதும் அந்த வேரிலிருந்து வந்தவையே. நகரத் தலைவரைக் குறிக்கும் மேயர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், கிழக்கிந்தியக் கம்பெனியோடு 1688இல் சென்னைப்பட்டணம் வந்து சேர்ந்தது. ஆனால் இதே சொல் அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே ஓர் அரச வம்சத்தைக் கவிழ்த்த பதவிக்குப் பெயராக இருந்திருக்கிறது.

'மாயோர் தோமுஸ்', அதாவது வீட்டுக்குப் பெரியவர். பிராங்கியரை ஆண்ட மெரோவிஞ்சிய அரசர்களின் அரண்மனைக் காரியங்களைப் பார்த்தவர் இவர். சிறுவர்கள் அடுத்தடுத்துப் பட்டத்துக்கு வர, அரச நிலங்களும் பிறகு படையும் இவர் கைக்குள் வந்தன. ஆனால் அரசர் என்ற பெயர் மட்டும் வரவில்லை. ஏழாம் நூற்றாண்டின் நடுவில் கிரிமோவால்டு என்ற மாயோர், பட்டத்துக்குரிய சிறுவன் டாகோபெர்ட்டின் தலைமுடியை மழித்து அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டுத் தன் மகனை அரியணையில் ஏற்றினார். மெரோவிஞ்சியருக்கு வெட்டாத நீள்கூந்தல்தான் அரச அடையாளம். அதை மழிக்க முடிந்தவரால் தன் குடும்பத்துக்கு அந்த உரிமையைத் தேடித்தர முடியவில்லை, பிடிபட்டு உயிரிழந்தார். அந்தப் பாடம் குடும்பத்தில் நெடுநாள் நின்றிருக்க வேண்டும். 737இல் அரசர் இறந்தபின் அதே குடும்பத்து மாயோர் சார்லஸ் மார்ட்டெல் நான்கு ஆண்டுகள் அரசரே இல்லாமல் ஆண்டார். அப்போதும் முடி சூடத் துணியவில்லை.

அவர் மகன் பெப்பின் வேறு வழி பிடித்தார். அதிகாரம் இல்லாதவர் அரசர் எனப்படுவது முறையா என்று கேட்டு, வூர்ட்ஸ்பர்க் ஆயர் பர்க்கார்டையும் சான் தெனி மடாதிபதி ஃபுல்ராடையும் ரோமுக்கு அனுப்பினார். அதிகாரம் உள்ளவரே அந்தப் பெயருக்கும் உரியவர் என்பது போப் சக்கரியாஸின் பதில். 751இல் பெப்பின் அரசரானார். மூன்றாம் கில்டெரிக் முடி மழிக்கப்பட்டு மடத்துக்குப் போனார். கடைசி மெரோவிஞ்சியர்கள் மாட்டு வண்டியில் ஊர்வலம் போன வெறும் பொம்மைகள் என்று வரலாற்றாசிரியர் ஐன்ஹார்டு எழுதியதை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் வென்ற குடும்பத்தின் ஆள்.

போப்புக்கும் தேவை இருந்தது. அதே 751இல் லொம்பார்டியர் ரவென்னாவைப் பிடித்திருந்தார்கள். கான்ஸ்டான்டிநோபிள் பேரரசரிடமிருந்து படை வரவில்லை. அடுத்த போப் இரண்டாம் ஸ்டீபன் ஆல்ப்ஸைக் கடந்து வந்து, 754இல் சான் தெனியில் பெப்பினுக்கும் அவருடைய இரு மகன்களுக்கும் திருத்தைலம் பூசினார். கூந்தல் தந்த உரிமையை இனி எண்ணெய் தந்தது. பெப்பின் லொம்பார்டியரை வென்று 756இல் கொடுத்த நிலங்களிலிருந்து வளர்ந்த போப்பாட்சி 1870 வரை நீடித்தது.

அரசரான பெப்பின் மாயோர் தோமுஸ் பதவிக்கு இன்னொருவரை நியமிக்கவில்லை. பெப்பின் வம்சமான கரோலிஞ்சியரின் அரண்மனையில் உணவுப் பொறுப்பைப் பார்த்தவருக்கு 'செனெஷல்' என்று பெயர். பழைய ஜெர்மானியத்தில் அதற்கு முதிய வேலையாள் என்று பொருள்.