சமயம் தேசிய இனமான வரலாறு

1867ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரண்டு முயற்சிகள் வட இந்தியாவின் இரு நகரங்களில் தோன்றின. கல்கத்தாவில் நவகோபால் மித்திரர், ராஜநாராயண வசுவின் தூண்டுதலோடும் தாகூர் குடும்பத்தாரின் ஆதரவோடும், இந்து மேளா என்னும் விழாவை நிறுவினார். சுதேசிக் கைத்தொழிற் பொருள்களின் கண்காட்சியும், மல்யுத்தமும், தேசபக்திப் பாடல்களும் நிறைந்த அவ்விழாவை நடத்திய அவர், இந்துக்கள் தம் சமயப் பிணைப்பினாலேயே தனியொரு தேசிய இனமாவர் என்று வாதாடியவர். அதே ஆண்டில் காசியிலோ, நியாயஸ்தலங்களில் வழங்கிவந்த உருது மொழியையும் பாரசீக லிபியையும் அகற்றி, அவற்றின் இடத்தில் இந்தியையும் நாகரி லிபியையும் அமர்த்தவேண்டும் என்று இந்துப் பிரமுகர் சிலர் முயன்றனர். அப்பொழுது அந்நகரில் நீதிபதியாக உத்தியோகம் பார்த்துவந்த சையத் அகமது கான், இனி இவ்விரு சமூகத்தாரும் எக்காரியத்திலும் மனமொத்து இணையார் என்று கமிஷனர் ஷேக்ஸ்பியரிடம் வருந்திக் கூறியதாக, 1901இல் கவிஞர் ஹாலி எழுதி வெளியிட்ட அவருடைய சரித்திரம் தெரிவிக்கின்றது.

இவ்வுரையாடலையே இரு தேசக் கோட்பாட்டின் ஜன்ம சாசனமாகக் கொள்ளும் சரித்திராசிரியர்கள் உளர். அது பொருந்தாது என்பது என் துணிபு. காசியில் அவ்வாறு மனங்கசந்த அதே பெரியார், இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு மணமகளின் இரு கண்கள் என்று பின்னர் மேடைகளில் முழங்கினார். 1888இல் மீரட் நகரில் பேசியபோதோ, ஆங்கிலேயர் வெளியேறினால் இவ்விரு தேசிய இனங்களும் ஒரே சிம்மாசனத்தில் எவ்வாறு அமர முடியும் என்ற வினாவை எழுப்பினார். இடையே அவருடைய மார்க்க நம்பிக்கை மாறிவிடவில்லை. மாறியது அரசியல் நிலைமை. 1885இல் தோன்றிய காங்கிரஸ் மகாசபை, தேர்தல் வழியாகச் சட்டசபைகளையும், போட்டிப் பரீட்சை வழியாக உத்தியோகங்களையும் கோரத் தொடங்கியிருந்தது. தொகையால் சிறுத்தும் ஆங்கிலக் கல்வியில் பின்தங்கியும் நின்ற ஒரு சமூகத்தின் தலைவருக்கு, அவ்விரு வாயில்களும் தம்மவர்க்கு அடைபட்ட வாயில்களாகவே தோன்றின. சமயம் தேசிய இனமாக உருமாறியது வேதத்தினாலோ குர்ஆனினாலோ அன்று, பதவியும் பிரதிநிதித்துவமும் சமய வாரியாக எண்ணப்பட்டதனாலேயே என்பதுதான் இக்கட்டுரை நிறுவ விழைவது.

லிபிப் பூசலின் பிற்கால வரலாறு இதற்குச் சான்று பகரும். 1837இல் பாரசீக மொழி நியாயஸ்தலங்களிலிருந்து விலக்கப்பட்டபின், வட மாகாணங்களில் அதன் இடத்தைப் பிடித்த உருது, முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. காயஸ்தரும் காசுமீரப் பண்டிதரும் தலைமுறை தலைமுறையாக அம்மொழியிலேயே மனு வரைந்தும் கணக்கெழுதியும் பிழைத்தனர். 1893இல் காசியில் நாகரி பிரசாரிணி சபை தோன்றிற்று; மதன்மோகன் மாளவியா கையொப்பங்கள் திரட்டி 1898இல் விண்ணப்பம் கொடுத்தார்; 1900 ஏப்ரலில் லெப்டினன்ட் கவர்னர் மக்டானல் உத்தரவு பிறப்பித்தார். அவ்வுத்தரவு உருதுவை ஒழிக்கவில்லை. வழக்காளி தன் மனுவை இரு லிபிகளில் எதில் வேண்டுமாயினும் எழுதிக் கொடுக்கலாம், குமாஸ்தா வேலைக்கு வருவோர் இரண்டையும் அறிந்திருக்கவேண்டும் என்ற அளவோடு அது நின்றது. எனினும், பாரசீக எழுத்தொன்றையே கற்று முன்ஷி வேலையை எதிர்நோக்கியிருந்த குடும்பங்களுக்கு அந்தச் சிறு விதி ஜீவனோபாயத்தின்மேல் விழுந்த அடியாயிற்று. உருதுவைக் காக்க எழுந்த சங்கங்கள் முஸ்லிம்களின் அரசியல் சங்கங்களுக்கு முன்னோடிகளாயின.

ஜனத்தொகைக் கணக்கு செய்த வேலையும் சிறிதன்று. ஆக்ராவைச் சூழ்ந்த பகுதிகளில் மல்கானா இராஜபுத்திரர் என்போர் வாழ்ந்தனர். இந்துப் பெயர் தாங்கி, எதிர்ப்பட்டோரை ராம் ராம் என்று வணங்கி, சிறுவர்க்குச் சுன்னத்துச் செய்து, இறந்தோரைப் புதைத்துவந்த அம்மக்களுக்குத் தம் நிலையில் முரண்பாடு எதுவும் தோன்றியதில்லை. 1871இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கணக்கெடுப்போ ஒருவனுக்கு ஒரு சமயமே உண்டு என்ற விதியோடு வந்தது. தொகைக்குத் தக்கபடி பதவி என்ற நிலை பின்னால் ஏற்பட்டதும், இத்தகைய இடைநிலை மக்களைத் தத்தம் பக்கம் இழுப்பதே இரு சாராருக்கும் பெருங்கடமையாயிற்று. 1923இல் சுவாமி சிரத்தானந்தர் மல்கானாக்களை இந்து சமயத்தில் சேர்க்க நடத்திய சுத்தி இயக்கமும், அவர்களை இஸ்லாத்தில் நிலைநிறுத்த அதற்கு எதிராக எழுந்த தப்லீக் முயற்சிகளும் அவ்வாறு பிறந்தவையே.

1906 அக்டோபரில் ஆகாகான் தலைமையில் முஸ்லிம் தூதுக்குழு ஒன்று சிம்லாவில் வைசிராய் மிண்டோவைக் கண்டது. அவ்வாண்டு இறுதியில் டாக்காவில் முஸ்லிம் லீக் உதயமாயிற்று. 1909ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வழங்கிற்று. முஸ்லிம் வாக்காளர் முஸ்லிம் அபேட்சகருக்கே வாக்களிக்கும் இவ்வேற்பாட்டில், வெற்றி நாடும் ஒருவர் அண்டை வீட்டு இந்துவின் ஆதரவை ஒருநாளும் நாடவேண்டியதில்லை, எதிர்த்தரப்பிலும் அவ்வாறே. சமரசம் பேசியவருக்கு அதனால் ஒரு வாக்கும் கூடுவதில்லை. 1916இல் லக்னோ ஒப்பந்தத்தின்மூலம் காங்கிரஸும் இம்முறையை ஏற்றுக்கொண்டது; அது நல்லெண்ணத்தினால் நேர்ந்த பெரும்பிழை என்றே கருதுகிறேன்.

இதன்பின் கோட்பாடு வகுப்போர் தோன்றினர். 1923இல் சாவர்க்கர், இந்நாட்டைப் பிதுர்பூமியாகவும் புண்ணியபூமியாகவும் கொள்பவனே இந்து என்று இலக்கணம் வகுத்து, முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் அவ்வரம்புக்கு வெளியே நிறுத்தினார். 1924இல் லாலா லஜபதி ராய், பஞ்சாபைப் பிரித்து முஸ்லிம் மாகாணங்களைத் தனியே அமைக்கலாம் என்று பத்திரிகையில் எழுதினார். 1930 டிசம்பரில் அலகாபாத்தில் கவிஞர் இக்பால், வடமேற்கு இந்தியாவில் முஸ்லிம்களின் ராஜ்யம் ஒன்றைக் கோரினார். 1937இல் அகமதாபாத்தில் சாவர்க்கர், இந்தியாவில் இரண்டு தேசிய இனங்கள் உள்ளன என்று வெளிப்படையாகவே உரைத்தார்.

1938இல் இக்பாலுக்கும் தேவபந்து மதரஸாவின் தலைவர் மௌலானா உசேன் அகமது மதனிக்கும் இடையே மூண்ட வாதம் நம் கருத்துக்கு உரியது. இக்காலத்தில் தேசிய இனங்கள் தாயகத்தினாலேயே அமைகின்றன என்று மதனி டில்லியில் பேசியதைக் கேள்வியுற்ற இக்பால், நோய்ப்படுக்கையிலிருந்தவாறே செய்யுளாலும் உரைநடையாலும் அவரைக் கண்டித்தார். மதனியோ, நபிகள் நாயகம் மதீனாவில் யூதர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையைச் சான்று காட்டி, ஒரே நாட்டில் வாழும் பல மார்க்கத்தார் ஒரு தேசிய இனமாவதற்கு மார்க்கத்திலேயே இடமுண்டு என்று நூலெழுதி நிறுவினார். குர்ஆனுக்கு உரை வகுத்த மௌலானா ஆசாத்தும் 1940 மார்ச்சில் ராம்கரில் காங்கிரஸ் தலைமையுரையில் அதையே வற்புறுத்தினார். சமயத்தைத் துறைபோகக் கற்ற இப்பெரியோர் சமயத் தேசியத்தை மறுத்துநிற்க, ஆசார அனுஷ்டானங்களில் பற்றில்லாத முஸ்லிம் லீக் தலைவர் ஜின்னாவும் சாவர்க்கரும் அதன் தலைவர்களாயினர் என்பதை நாம் ஆழ்ந்து நோக்கவேண்டும்.

1937 தேர்தலில் பஞ்சாபில் இரண்டே இடங்களைப் பெற்ற முஸ்லிம் லீக், 1940 மார்ச்சில் முஸ்லிம்களுக்குத் தனி ராஜ்யம் கோரும் லாகூர்த் தீர்மானத்தை நிறைவேற்றி, 1945இல் மத்தியச் சட்டசபையின் 30 முஸ்லிம் இடங்களையும் கைப்பற்றிற்று. ஜின்னாவும் சாவர்க்கரும் இரு தேசிய இனங்கள் உண்டு என்பதில் முற்றும் உடன்படுகின்றனர், எந்த நிபந்தனையில் அவை வாழ்வது என்பதில்தான் வேறுபடுகின்றனர் என்று அம்பேத்கர் அக்காலத்திலேயே எழுதினார்.

நாடு பிரிந்து இரண்டு வாரம் நிறையாத 1947 ஆகஸ்டு 27ஆம் நாள், டில்லியில் கூடிய அரசியல் நிர்ணய சபையில், தனித்தொகுதி நீடிக்கவேண்டும் என்ற திருத்தத்தைச் சென்னை மாகாண உறுப்பினர் போக்கர் சாகிப் கொண்டுவந்தார். சர்தார் படேல் கடுமையாக எதிர்க்க, அது தோற்றது. 1949 மே மாதத்தில் சமயச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கிய இடங்களும் நீங்கின. முஸ்லிம் உறுப்பினரான பேகம் அய்ஸாஸ் ரசூலே ஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசினார். பாகிஸ்தானிலோ தனித்தொகுதி நிலைத்து, 1954இல் கிழக்கு வங்காளத் தேர்தல் அம்முறைப்படியே நடைபெற்றது. 1956இல், பிரதமர் சுராவர்தியின் ஆட்சியில், கிழக்குப் பகுதிக்கு எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத்தொகுதியும் மேற்குப் பகுதிக்குத் தனித்தொகுதியும் என்று சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டில் கூட்டுத்தொகுதியே இரு பகுதிகளுக்கும் விதியாக்கப்பட்டது.