புல்லட்டும் வலது கால் கியரும்

புல்லட்டை 'இங்கிலீஷ்காரன் வண்டி'ன்னு சொல்ற அண்ணாச்சிகள் எங்க ஆறுமுகநேரியில நிறைய உண்டு. பாதிதான் சரி மக்களே.

ராயல் என்ஃபீல்டு பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச்சில். சுதந்திரத்துக்குப் பிறகு எல்லை ரோந்துக்கு வண்டி தேடிய நம்ம ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1960களின் ஆரம்பத்தில் எல்லாமே இங்கேயே தயார்.

இனிமேதான் விஷயமே. 1967-ல் ரெட்டிச் ஆலையை மூடிட்டாங்க. அடுத்த மூணு நாலு வருஷத்தில் அங்கே மொத்தக் கதையும் முடிந்தது. திருவொற்றியூர் மட்டும் அதே 1950களின் டிசைனைச் செய்துகொண்டே இருந்தது. (போட்டியே இல்லாத லைசென்ஸ் ராஜ் புண்ணியம், வேறென்ன!) 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி. அப்பனுக்கு மகன் சோறு போட்ட மாதிரி.

வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்பதும் பழைய பிரிட்டிஷ் பழக்கம்தான். 1970களில் அமெரிக்கா இடப்பக்க கியரைச் சட்டமாக்க, மற்ற கம்பெனிகள் மாறின. நம்ம புல்லட் முழுசாக மாறியது 2000களில்.

என் கனவு வண்டி அந்த வலது கியர் 350. "உப்பளக் காத்துக்கு குரோமியம் பொரிஞ்சு போகும்ல"ங்கிறார் அப்பா. நியாயம்தான். கிடைச்சா சென்னையிலயே நிறுத்திக்க உத்தேசம் :-)