வாங்காதவளின் வழக்கு

2011 பிப்ரவரியில் என் அத்தை மகளுக்கு ஓர் அரசு மருத்துவமனையில் சிசேரியன் நடந்தது. பாகூர்ப் பக்கத்துப் பெண்கள் சலைன் என்று சொல்வதில்லை. "தண்ணி ஏத்துறாங்க" என்பார்கள். இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியபோது அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. "தண்ணி ஏத்துனா குளிரத்தான் செய்யும், போத்தி வுடும்மா" என்றார் பக்கத்துக் கட்டில் பெரியம்மா. செவிலியர் வந்து பாட்டிலைக் கழற்றினார். விடியும்போது காய்ச்சல் இறங்கிவிட்டது. அந்தப் பாட்டிலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது குப்பைக்குப் போயிருந்தது. கேஸ் ஷீட்டில் "ஆர்.எல். 2" என்று மட்டும் எழுதியிருந்தது.

சில நாட்களில் ஜோத்பூர் செய்தி வந்தது. அங்கே உமைத் மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருந்தார்கள். பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களுக்கு ஏற்றிய திரவம் மாசுபட்டிருந்தது.

இந்த மாசு கண்ணுக்குத் தெரியாதது. திரவத்தில் வளர்ந்த பாக்டீரியாவைச் சூடேற்றிக் கொன்றாலும் அதன் உடற்சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நஞ்சு அழியாமல் நிற்கும். தெளிந்த தண்ணீர்போலத் தெரியும் பாட்டிலுக்குள் அது இருக்கலாம். வாய்வழி போகும் மருந்துக்குக் குடல் ஒரு காவல். நரம்பில் ஏறுவதற்கு அந்தக் காவலும் இல்லை. குளிர், காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி, சிறுநீரகச் செயலிழப்பு என்று அது போகும். பிரசவத்தில் ரத்தம் இழந்த உடம்பு அதைத் தாங்குவது கடினம். அந்தக் குளிரையும் காய்ச்சலையும் "பிரசவத்துல இதெல்லாம் சகஜம்" என்ற ஒரு சொல் மூடிவிடுகிறது.

2024 நவம்பரில் அதே கதை கர்நாடகத்தின் பல்லாரியில் நடந்தது. அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட பெண்களில் ஐந்து பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். ரிங்கர் லாக்டேட் திரவத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. மாநில ஆய்வகம் தரமற்றவை என்று ஒதுக்கிய சில தொகுதிகளுக்கு மத்திய ஆய்வகம் தரச்சான்று தந்திருந்தது என்று மாநில அரசு சொன்னது. இரண்டு ஆய்வகங்களுக்கு நடுவே கிடந்தவர்கள் பிள்ளை பெற்ற பெண்கள்.

இப்படிப் பாதிக்கப்பட்டவளுக்குச் சட்டத்தில் என்ன வழி? வகுப்பில் இதைப் பேசியபோது வில்லியனூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேம், காசு கொடுத்திருந்தா கேஸ் போட்டிருக்கலாமா?" அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. சட்டத்தை எடுத்துப் படித்தபோது அவள் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. மருத்துவச் சேவையும் அதற்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. நோயாளிகளின் வெற்றி என்று அதைக் கொண்டாடுகிறோம். அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. பதிவுக்கு வாங்கும் சில்லறைக் கட்டணம் கணக்கில் சேராது. சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகத் தரும் இடமென்றால் மட்டுமே இலவச நோயாளியும் நுகர்வோர்.

1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஆவது பிரிவு இன்னொரு வழி. சந்தேகமான மருந்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். ஆனால் அது அவர் "வாங்கிய" மருந்தாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் ஏறிய தண்ணீரை என் அத்தை மகள் வாங்கவில்லை. அது அவள் உடம்புக்குள் போனது, அவ்வளவுதான்.

கலப்பட மருந்தோ போலி மருந்தோ உயிரைப் பறித்தால் 27(அ) பிரிவின்படி பத்தாண்டு முதல் ஆயுள்வரை சிறை. வசூலாகும் அபராதம் பாதிக்கப்பட்டவருக்கோ அவருடைய உறவினருக்கோ போக வேண்டும் என்று 2008இல் திருத்தினார்கள். பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடரவும் 32ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் குற்றம் "தரமற்றது" என்ற சிறிய வகைக்குள் விழுந்தால் 27(ஈ) பிரிவுதான். 2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டத்துக்குப் பிறகு அதைப் பணம் கட்டி முடித்துக்கொள்ளவும் முடியும்.

நமக்கு அருகிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. 2018இல் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தத்தை ஏற்றினார்கள். சட்டத்தின் கண்ணில் ரத்தமும் மருந்துதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அங்கே அவர் விலை கொடுத்தாரா என்ற கேள்வி குறுக்கே வரவில்லை. உயிர் வாழும் உரிமை அவருக்கு இருந்தது, அது போதும். அரசமைப்பின் 21ஆவது பிரிவின் பெயரால் உயர் நீதிமன்றத்தில் கேட்கும் இழப்பீட்டுக்கு ரசீது தேவையில்லை.

அந்த வாசல்வரை போகச் செலவாகுமே என்பார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆவது பிரிவில், வருமானம் எவ்வளவு என்று பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியைத் தந்திருக்கிறது. வில்லியனூரில் வயல் வேலைக்குப் போகிறவளுக்கும் உண்டு, கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்கும் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இது தெரிந்த பெண்களை எங்கள் ஊரில் நான் அதிகம் பார்த்ததில்லை.

வழக்கறிஞர் கிடைத்தாலும் சான்று வேண்டும். பாகூர்ச் செப்பேடு, கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையளித்த செய்தியை, ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்திலிருந்து இன்றுவரை காத்துவைத்திருக்கிறது. அதே ஊர்ப் பெண்ணின் உடம்பில் என்ன ஏறியது என்பதற்கான எழுத்து ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. பாட்டிலின் பேட்ச் நம்பரைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும் என்று கேட்பது சின்ன கோரிக்கைதான். அந்த எண் இருந்தால் ஒருத்தியின் குளிரைப் பக்கத்து ஊர்க்காரியின் குளிரோடு சேர்த்துப் பார்க்க முடியும். தனித்தனிக் காய்ச்சல்கள் அப்போதுதான் ஒரு வழக்காகும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டின் நகலைத் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 நெறிமுறைகள் சொல்கின்றன. ஆனால் எழுதாத எண் நகலில் வராது.

சென்ற ஆண்டு அவளுடைய தங்கை பிரசவத்துக்குப் போனாள். துணைக்கு இருந்தது என் அத்தை மகள்தான். ஒவ்வொரு பாட்டில் மாட்டும்போதும் அதன் லேபிளைப் போனில் படம் பிடித்தாள். "எதுக்குக்கா போட்டோ?" என்று சின்ன வயதுச் செவிலியர் கேட்டிருக்கிறார். "எம்மேல ஏறுனது என்னன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாதும்மா. இவளுக்காவது தெரியட்டும்" என்றாளாம். அடுத்த பாட்டிலை மாட்டுவதற்கு முன் அந்தப் பெண்ணே லேபிளை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறார்.