பொம்மை செய்த கை

மார்பிலே புற்று! வெட்டி எடுத்தனர், உயிர் பிழைத்தது. பிறகு? இழந்த இடத்தை எதனால் ஈடு செய்வதென்று கேட்க அவள் நாணினாள். எடுத்துரைக்க மருத்துவரும் கூசினார். எங்கே? அணுவைப் பிளந்த அமெரிக்காவிலேதான்!

1952-இல் அறுவைக்கு ஆளான தெரீஸ் லாசர் அம்மையார், தம்மைப் போன்றோரின் மருத்துவமனைக் கட்டிலருகே சென்றார் — கைப்பயிற்சிக்குக் கயிறும் பந்தும், கச்சுக்குள் வைக்கச் செயற்கை மார்பும் ஏந்தி! மருத்துவர் சிலர் சினந்தனர். அவர் ஓயவில்லை. 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகமே அப்பணியை ஏற்றது.

அடுத்த ஆண்டு ரூத் ஹேண்ட்லர் இடது மார்பை இழந்தார். 1959-இல் பார்பி பொம்மையை ஈந்தவர். ‘பொம்மைக்கு மார்பு எதற்கு?’ என்று ஏசப்பட்டவர்! கடையிலே அவருக்குக் கிடைத்ததோ உருவமற்ற உருண்டை. காலணிக்குக்கூட இடம் வலம் உண்டு, இதற்கில்லை! பெய்ட்டன் மாசி என்னும் கைவினைஞரின் துணையோடு, சிலிக்கோன் அடைத்து, இடத்துக்கும் வலத்துக்கும் வெவ்வேறாக வடித்தார். கத்தியில்லை, தையலில்லை, வழக்கமான கச்சே அதைத் தாங்கும். ‘நியர்லி மீ’ — ஏறத்தாழ நானே — என்று பெயரிட்டார்.

ஊர் ஊராகச் சென்று, கடைகளில் தாமே அளவெடுத்துப் பொருத்தினார். 1974-இல் அறுவைக்கு உள்ளான குடியரசுத் தலைவரின் துணைவியார் பெட்டி ஃபோர்டுக்கும் அளவெடுத்தது அதே பொம்மை செய்த கைதான்.