இரண்டு முறை பூட்டப்பட்ட மருந்து

கவுட் வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். நடுராத்திரியில் கால் பெருவிரல் தீயாய் எரியும், போர்வை பட்டாலே உயிர் போகும். யூரிக் அமிலம் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிய, வெள்ளை அணுக்கள் கும்பலாகப் பாய்ந்து வந்து அதைத் தாக்குகின்றன. வலி அந்தச் சண்டையில் வருவது. கும்பல் பாயாமல் தடுப்பது கோல்சிசின் என்ற மருந்து.

அது கிடைப்பது கோல்சிகம் என்ற செடியில். கருங்கடலோரக் கொல்கிஸ், அதாவது இன்றைய ஜார்ஜியாவின் பெயர்தான் செடிக்கும். முதல் நூற்றாண்டில் டயஸ்கோரிடிஸ் இதை விஷம் என்று எச்சரித்தார். 6ஆம் நூற்றாண்டில் டிராலஸ் ஊர் அலெக்சாண்டர் மூட்டுவலிக்குப் பரிந்துரைத்த 'ஹெர்மோடாக்டில்' இந்த இனத்துக் கிழங்குதான் என்கிறார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரி. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் கம்மி. அந்தப் பயத்திலேயே ஐரோப்பிய மருத்துவர்கள் பெரும்பாலும் இதை ஒதுக்கி வைத்தார்கள்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிக்கோலா ஹுசோன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி 'ஓ மெடிசினால்' என்று ஒரு திரவம் விற்றார். கவுட்டுக்குக் கேட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ், உலகத் தாவரங்களையெல்லாம் சேகரித்தவர், அவரே என்ன செடி என்று தெரியாமல் வாங்கிக் குடித்தார்! 1814இல் ஜான் வான்ட் என்ற அறுவை மருத்துவர் பழைய அலெக்சாண்டரைப் படித்து, இது கோல்சிகம்தான் என்று அறிவித்தார். முதல் பூட்டு உடைந்தது. 1820இல் பெல்லெத்தியேவும் கவெந்தூவும் அந்தச் செடியிலிருந்து சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே வருஷம் குவினைனைப் பிரித்த அதே ஜோடி.

இரண்டாவது பூட்டு 2009இல், அமெரிக்காவில். அங்கே கோல்சிசின் முறையான அனுமதி இல்லாமலே பல பத்தாண்டுகளாக விற்றுக்கொண்டிருந்தது, மாத்திரை சுமார் 9 சென்ட். யூஆர்எல் ஃபார்மா என்ற நிறுவனம் சோதனை நடத்தி அனுமதி வாங்கியது. கவுட்டுக்கு 3 வருஷத் தனியுரிமை கிடைத்தது. மாத்திரை விலை 4.85 டாலர் ஆனது. அடுத்த வருஷம் மற்றவர்களின் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு. எங்கள் துறையில் சொன்னால், எவனோ எழுதி வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த கோடுக்கு, டெஸ்ட் எழுதினவன் சொந்தம் கொண்டாடுகிற மாதிரி. ஆனால் அந்த டெஸ்ட்டும் வீண் இல்லை. ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராமே, பழைய வழக்கமான 4.8 அளவுக்கு வேலை செய்யும், வயிற்றுப்போக்கும் குறையும் என்று காட்டியது. விஷத்தோரம் நடக்கிற மருந்துக்கு அது பெரிய விஷயம். அதற்காக ஐம்பது மடங்கா என்பதுதான் கேள்வி.

இதே கோல்சிசின் நம் ஊரிலும் விளைகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் இருப்பது அதுதான். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் 'கண்வலிக்கிழங்கு' என்று பயிரிடுகிறார்கள். காலையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது. மூட்டுவலிக்கு மூலிகைதானே என்று அந்தக் கிழங்கை வாயில் வைத்துவிடாதீர்கள், ஆளைக் கொல்லும். காசு விதையில். விதை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. விலையைச் சொல்வது வியாபாரி. அரசே ஒரு விலை வைக்கட்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.