தற்காலிக இணைப்பு எத்தனை காலத்திற்குத் தற்காலிகம்?

"உடனடியாகச் செயற்படும் வண்ணம், மறு அறிவித்தல் வரை தாங்கள் இணைக்கப்படுகின்றீர்கள்." அரச சேவையிலுள்ள பலரது சுயவிபரக் கோவையில் இத்தகைய வாசகம் கொண்ட கடிதமொன்றைக் காணலாம். அந்த மறு அறிவித்தல் வராமலேயே ஓய்வு பெற்றுச் சென்றவர்களும் உளர். தற்காலிகம் என்ற சொல்லுக்கு முடிவுத் திகதியொன்று இல்லாதபோது அது எவருடைய வசதிக்கும் ஏற்ப நீளக்கூடியது என்பதே இவ்விடயத்தில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியதாகும்.

இடமாற்றம், இணைப்பு, தற்காலிக விடுவிப்பு ஆகிய மூன்றும் பேச்சு வழக்கில் ஒன்றாகவே கருதப்படுகின்றன. சட்ட விளைவில் அவை வேறானவை. இடமாற்றத்தில் ஊழியருடைய பதவியும் அவரோடு புதிய நிலையத்திற்குச் செல்கின்றது. இணைப்பில் பதவி பழைய நிலையத்திலேயே இருக்க, ஆள் மாத்திரம் வேறிடத்தில் கடமையாற்றுகிறார். தற்காலிக விடுவிப்பு என்பது திணைக்களமொன்றின் உத்தியோகத்தர் கூட்டுத்தாபனம், நியதிச்சட்ட சபை அல்லது அபிவிருத்தித் திட்டம் போன்ற வேறொரு நிறுவனத்திற்குத் தமது நிரந்தரப் பதவியின் மீதான உரிமையுடன் அனுப்பப்படுவதாகும்.

'தற்காலிகம்' எவ்வளவு நீளலாம் என்பதற்கு எமது அண்மைய வரலாறே சான்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் இருந்தனர். பதவி மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்க, பணி புத்தளத்தில் தொடர்ந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் ஊழியர்களும் கிடைத்த இடங்களில் கடமையை ஏற்க நேர்ந்தது. அன்று அதைவிட வேறு வழி இருக்கவில்லை. ஆயினும் அவசர காலத்தில் பிறந்த அந்த ஏற்பாட்டை அமைதிக் காலத்திலும் வழமையான நிர்வாக முறையாகக் கையாள்வதை நியாயப்படுத்த முடியாது.

இணைக்கப்பட்டவர் தமது சேவை மூப்பையோ, வருடாந்தச் சம்பள ஏற்றத்தையோ, பதவி உயர்வுக்கான தகைமையையோ இழப்பதில்லை. கொள்கையளவில் இது தெளிவானது. சிக்கல் கோவைகளில்தான் எழுகின்றது. சம்பள ஏற்றத்திற்குப் பரிந்துரைக்க வேண்டியவர் பழைய நிலையத் தலைவர். அவரோ ஊழியரைக் கண்டு ஆண்டுகள் கடந்திருக்கும். லீவுப் பதிவேடு புதிய நிலையத்தில் இருக்கும். வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சைக்கான அறிவித்தல் பழைய முகவரிக்குச் செல்லும். இரு அலுவலகங்களும் மற்றையதே பொறுப்பு என்று எண்ணியிருக்க, ஓய்வூதியப் பத்திரங்களைத் தயாரிக்கும் வேளையிலேயே இடைவெளி வெளிச்சத்திற்கு வருகின்றது. அப்போது கையொப்பமிட வேண்டியவர்களே சேவையில் இல்லாதிருக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தாமே வேண்டிக் கேட்டு நகர்ப்புறப் பாடசாலைக்கு இணைப்புப் பெறும் ஆசிரியரின் பெயர் பின்தங்கிய பிரதேசப் பாடசாலையின் ஆளணியில் நீடிக்கின்றது. பதிவேட்டில் ஆசிரியர் இருக்கிறார், வகுப்பறையில் இல்லை. வெற்றிடம் இல்லையென்பதால் பதிலாள் கேட்கவும் அதிபருக்கு வழியில்லை. இணைப்புக்குக் காலவரையறை வேண்டும் என்பது ஊழியரின் நலனுக்காக மட்டுமன்று.

கூட்டுத்தாபனங்களுக்கு விடுவிக்கப்படுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விடுவிப்புக் காலம் ஓய்வூதியத்திற்குக் கணிக்கப்பட, உரிய பங்களிப்பு அரசுக்குச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கான தமது பங்களிப்பையும் உத்தியோகத்தர் தொடர வேண்டும். அனுமதிக்கப்பட்ட காலம் முடிந்தபின் நீடிப்புக் கடிதமின்றிக் கடமையாற்றினால் பதவியைக் கைவிட்டவராகக் கருதப்படும் ஆபத்தும் உண்டு.

தனியார் துறையில் இத்தகைய இணைப்புகளுக்கு உச்சக் காலவரையறை எதனையும் எமது தொழிற் சட்டங்கள் விதிக்கவில்லை. ஆனால், ஊழியரை அவரது சம்மதமின்றி வேறொரு தொழில்தருநரிடம் கைமாற்ற முடியாது என்பது, பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1940இல் நோக்ஸ் வழக்கில் வழங்கிய தீர்ப்பு வலியுறுத்திய கோட்பாடாகும். சகோதர நிறுவனத்திற்கு அனுப்பப்படுபவர் தமது தொழில்தருநர் யார் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளாவிடின் இழப்பு கணிசமானது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட தொழில்தருநரிடம் 5 ஆண்டுகள் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் உரித்தாகும். ஒரு நிறுவனத்தில் 4 ஆண்டுகளும் மற்றதில் 3 ஆண்டுகளும் பணியாற்றியவரின் சேவை தொடர்ச்சியானதெனக் கொள்ளப்பட்டால் மூன்றரை மாதச் சம்பளம் கிடைக்கும். இரண்டாகப் பிரிக்கப்பட்டால் இரு இடங்களிலும் 5 ஆண்டுகள் நிறைவுறாமையால் எதுவும் கிடையாது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநரின் 12 வீதமும் ஊழியரின் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநரின் 3 வீதமும் எந்த நிறுவனத்தின் பெயரில் செலுத்தப்படுகின்றன என்பதைப் பார்த்தாலே கைமாற்றம் நடந்துள்ளதா என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

நிவாரணம் தேடுவோருக்குக் காலமே பெரும் எதிரி. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்திற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் அக்கணக்கில் சேராது. இது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தந்த சலுகையாகும். "அடுத்த தவணை பார்ப்போம்" என்ற வாய்மொழி உறுதியை நம்பியிருப்போர் இக்காலத்தை அறியாமலேயே கடந்துவிடுகின்றனர். அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கட்டளைகளுக்கு எதிராக, 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபையை நாடலாம். மாகாண சேவையைச் சேர்ந்தவர்கள் முதலில் அணுக வேண்டியது தமது மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவையே. சேவை முடிவுறுத்தப்பட்ட தனியார் ஊழியர் 6 மாதங்களுக்குள் தொழில் நியாயசபைக்குச் செல்ல வேண்டும்.

வழக்கிற்கு முன்னர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. தமது இணைப்பு எந்த அதிகாரியின் அனுமதியுடன், எத்திகதி வரை வழங்கப்பட்டது, தமது நிரந்தரப் பதவி இன்று எந்த ஆளணியில் உள்ளது என்பவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். தகவலை வழங்குவதா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். கிடைக்கும் பதிலின் பிரதியொன்றைச் சுயவிபரக் கோவையில் சேர்ப்பித்து, மற்றொன்றை வீட்டிலும் வைத்திருப்பது நல்லது.